பக்கம் பத்தொன்பது

மயிலாப்பூர்
12.9.1996

திரு. செபஸ்தியான் அவர்களுக்கு,

சவுக்குக் குப்பத்துக்காக நீங்கள் எழுதிய காலரா அவசர ஆயத்தத் திட்டத்தைப் படித்தேன். பதினோரு பக்கம். மூன்று முறை. போன வியாழக்கிழமை நேரில் வந்தும் பார்த்தேன். உங்களிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது நம் காலராத் தடுப்புத் தொண்டர் குழுவின் விதி. மதிப்பீடு முடியும்வரை திட்டம் எழுதியவரும் மதிப்பிடுபவரும் சந்திக்கக் கூடாது, எல்லாம் எழுத்தில் மட்டும் என்பதும் விதி. ஜூன் வெள்ளத்துக்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்தில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்த விதிக்குக் கை தூக்கினோம்.

பார்த்ததை எழுதுகிறேன்.

நோயாளியை ஏற்றிப்போக நாகராஜின் ஆட்டோ என்கிறது திட்டம். அந்த ஆட்டோ இரண்டு மாதமாக முன்சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நிற்கிறது. உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கப் பயிற்சி பெற்றவர் முத்துமாரி. முத்துமாரி கல்யாணமாகிக் காசிமேட்டுக்குப் போய்விட்டார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வோம் என்கிறது பக்கம் ஆறு. மண்ணெண்ணெய் எங்கிருந்து வரும் என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

ஐந்து வீடுகளில் ஒரே கேள்வி கேட்டேன். பேதி கண்டால் முதலில் யாரிடம் போவீர்கள்? ஐந்து வீட்டிலும் ஒரே பதில். 'செபஸ்திகிட்ட.' நீங்கள் காலை எட்டு மணிக்குத் தரமணி ஆய்வகத்துக்குக் கிளம்பி ஏழு மணிக்குத் திரும்புகிறவர். பதினோரு மணி நேரம் குப்பத்துக்குத் திட்டம் இல்லை.

ஐந்தாவது வீட்டில் இருந்த பெண்மணிக்கு (மீன் விற்பவர், வயது ஐம்பத்தைந்து இருக்கலாம்) இப்படி ஒரு திட்டம் எழுதப்பட்டிருப்பதே தெரியாது.

படிவத்தில் உள்ள மூன்று கட்டங்களில் மூன்றாவதில் குறி போட்டிருக்கிறேன். ஏற்க இயலாது. ஏற்கப்பட்ட பகுதிகளுக்குத்தான் மழைக்கு முன் மருந்துப் பெட்டி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அக்டோபர் முடிவதற்குள் திருத்தி அனுப்புங்கள்.

மஹதி
மதிப்பீட்டாளர்


சவுக்குக் குப்பம்
17.9.96

மதிப்பீட்டாளர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து உங்கள் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்ற எனக்குத் 'திரு' போட்டதற்கு நன்றி. நானும் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். கை வலிக்கிறது.

ஐந்தாவது வீட்டுப் பெண்மணிக்கு வயது ஐம்பத்திரண்டு. பெயர் தேசம்மா. என் அம்மா.

நீங்கள் என் வீட்டுக்கு வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. ஆனால் சுவரில் என் பட்டமளிப்பு போட்டோ மாட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறீர்கள். அம்மா சொன்னாள்.

'மாதா கோயில் திருநாளுக்கு வந்த பொண்ணுன்னு நெனச்சேன்டா. வெயில்ல மூஞ்சி செவந்து நின்னுக்கினு இருந்துச்சு. உள்ள வா கண்ணுன்னு இட்டாந்து தண்ணி குட்த்தேன். இன்னான்னவோ கேட்டுச்சு, நானும் சொல்லிக்கினே இருந்தேன். நல்ல பொண்ணு.'

நல்ல பெண்தான். தொண்ணூற்றிரண்டில் காலராவில் போன என் சித்தியைப் பற்றி அம்மா சொன்னாளாம். நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டீர்களாம். பிறகு வெளியே போய் 'ஐந்தாவது வீடு, தெரியாது' என்று எழுதிக்கொண்டீர்கள். அந்தக் கையாலேயே.

கொடியேறி எட்டாம் நாள் வந்திருக்கிறீர்கள். குப்பத்தில் பாதிப் பேர் கோயில் தெருவில் கடை போட்டிருப்பார்கள். பயிற்சி பெற்ற மற்ற இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள். அந்த வாரத்தைப் பார்த்துவிட்டுக் குப்பத்தைப் பார்த்துவிட்டதாக எழுதுவது எந்தப் புள்ளியியலில் வருகிறது?

இன்னொன்று. நம் இரண்டு பகுதிகளையும் ஜோடி சேர்த்திருப்பது உங்களுக்கும் தெரியும். உங்கள் மயிலாப்பூர்த் திட்டம் என்னிடம் வந்தது. முப்பத்துநான்கு பக்கம். டைப் அடித்தது. கலர் பென்சிலில் வரைபடம். இரண்டே நாளில் முதல் கட்டத்தில் குறி போட்டு அனுப்பினேன். ஏற்கலாம். ஒரு கேள்வி கேட்கவில்லை. உங்கள் தெருவுக்கு வந்து யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அவர்களைப் பற்றி எழுதவில்லை. குடிக்கக் கொடுத்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

பெட்டி வராது. மழை வரும்.

செபஸ்தியான்


மயிலாப்பூர்
21.9.96

செபஸ்தி,

'திரு'வை எடுத்துவிட்டேன். கோபமாக எழுத அது இடைஞ்சல்.

போட்டோவைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் கேள்வியைக் கேட்டேன். உன் அம்மா என்று தெரிந்தேதான் எழுதினேன். அந்த வீட்டை மட்டும் விட்டுவிட்டு நான்கு வீடு என்று எழுதியிருந்தால் உனக்குக் கோபம் வந்திருக்காது. எனக்கு வந்திருக்கும்.

உன் சித்தியைப் பற்றி உன் அம்மா சொன்னதை நான் படிவத்தில் எழுதவில்லை. உன்னிடம் சொல்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள். பகல் இரண்டு மணி. அக்கம்பக்கத்தில் எல்லோரும் உன்னைத்தான் தேடினார்களாம். படித்த பையன் நீ ஒருத்தன்தான் என்று. வீட்டுக்கு வந்து என் பழைய டயரியை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்த நேரத்தில் நீ மரத்தடியில் என் எதிரில் உட்கார்ந்து என் தயிர்சாதத்தில் பாதியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

நான்கு வருஷம் கழித்து நீ எழுதிய திட்டத்திலும் எல்லோரும் உன்னைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அதைத்தான் எழுதினேன். நீ அதை அவமானம் என்று படித்துக்கொண்டாய்.

திருநாள் வாரம் என்கிறாய். திருநாள் முடியட்டும் என்று வியாதி வாசலில் நிற்குமா?

உன் 'ஏற்கலாம்' எனக்குச் சலுகையாக வேண்டாம். நாம் சம்பளமில்லாமல் இந்த வேலைக்கு வந்தது ஒருவர் காகிதத்தில் ஒருவர் பூப்போட அல்ல.

தண்ணீர் பற்றிக் கேட்டாய். 'யாருடீ அது, கத்தை கத்தையா லெட்டர் எழுதிண்டு?' என்று அப்பா நேற்றுக் கேட்டார். சொன்னேன். 'ஓ' என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் உனக்குத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். எந்த டம்ளரில் என்று எனக்குத் தெரியாது. எழுதும்போது கூசுகிறது. எழுதுகிறேன்.

மஹதி


சவுக்குக் குப்பம்
20.10.96

மஹதி,

திருத்திய திட்டம் இதோடு. ஏழு பக்கம். என் பெயர் எங்கும் இல்லை. தேடிப்பார்.

ஒரு மாதம் கோபத்தோடு எழுதினேன். ஒவ்வொரு வரியையும் நீ எதிரில் உட்கார்ந்து கோடு போட்டு அடிப்பதுபோல நினைத்து எழுதினேன். சந்துக்கு ஒரு பெண் என்று ஆறு பேர். ஆறு பேரும் பகலில் குப்பத்தில் இருக்கிறவர்கள். ஒருத்தி இல்லையென்றால் அடுத்தவள் யார் என்று அவர்களே முடிவு செய்தது. ஆட்டோ இல்லை. மீன் ஏற்றும் வண்டி, காலை நான்கு முதல் பத்து வரை. அதற்கு மேல் ஐஸ் கடைக்காரர் டெம்போ. அவரிடம் எழுதியே வாங்கிவிட்டேன்.

பெட்டி வந்தால் எங்கள் வீட்டில் இருக்கும். பூட்டு கிடையாது. அதை நீ குறையாக எழுதலாம். எழுது. நானும் பூட்டுப் போடலாம் என்றுதான் சொன்னேன். அம்மா கேட்டாள். 'பேதி மருந்த எவன்டா திருடுவான்? திருடுறான்னா அவனுக்கு வோணும்னு அர்த்தம். எட்த்துக்கினு போவட்டும்.'

தயிர்சாதத்தைப் பற்றி நீ எழுதியிருக்க வேண்டாம்.

செபஸ்தி


மயிலாப்பூர்
2.11.96

செபஸ்தி,

ஏற்கலாம். முதல் கட்டம். படிவத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பத்து நாளில் பெட்டி வரும்.

போன சனிக்கிழமை மறுபடி வந்தேன். பத்து வீடு. எங்கும் உன் பெயரைச் சொல்லவில்லை. உன் வீட்டு வாசலைத் தாண்டும்போது உன் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழியை மறித்தார். 'இப்ப கேளு. இன்னா கேக்கணுமோ கேளு. நான் சொல்றேன்.' கேட்டேன். ஆறு பெயர், மாற்றுப் பெயர் ஆறு, டெம்போக்காரர் கடைக்கு எத்தனை அடி என்பதுவரை சொன்னார். கடைசியில், 'எழுதிக்கினியா? எழுது. தேசம்மாவுக்குத் தெரியும்னு எழுது' என்றார். தண்ணீர் கொடுக்கவில்லை. நியாயம்தான்.

இப்போது என் விஷயம். என் திட்டத்தை நீ இரண்டு நாளில் திருப்பினாய். முப்பத்துநான்கு பக்கத்துக்கு ஒரு கேள்விகூட இல்லை. அதைப் படித்தாயா? உனக்கு நான் செய்ததை நீ எனக்குச் செய்யவில்லை. மழை தொடங்கிவிட்டது. ஒரு கேள்வியாவது கேள்.

மஹதி


சவுக்குக் குப்பம்
9.11.96

மஹதி,

படித்தேன். நல்ல திட்டம். எழுத்துப்பிழை இல்லை. பக்கம் பத்தொன்பதில் ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு திருப்பினேன். போதுமா? எல்லோருக்கும் உன்னைப்போலத் தோண்டத் தெரியாது. வேண்டியதும் இல்லை.

பெட்டி வந்துவிட்டது. அம்மா அதன் மேல் உட்கார்ந்துதான் வெற்றிலை போடுகிறாள்.

செபஸ்தி


மயிலாப்பூர்
26.12.96

செபஸ்தி,

அமீனா பீ இறந்துவிட்டார்.

உனக்கு அவரைத் தெரியாது. நீ வரவில்லையே. கிணற்றடிச் சந்து, குளத்துக்குப் பின்னால் இரண்டாவது திருப்பம். ஆப்பக்கடை. நாற்பத்தாறு வயது. மகள் ஜமீலுன்னிசாதான் அந்தச் சந்துக்கு என் திட்டத்தில் பொறுப்பாளர். பத்தொன்பது வயது. நான் பயிற்சி கொடுத்த பெண்களில் கெட்டிக்காரி.

ஞாயிறு, 22ஆம் தேதி. காலை ஆறு மணிக்கு அடிபம்புத் தண்ணீர் கலங்கலாக வந்தது. பத்து மணிக்குள் எட்டு பேருக்குப் பேதி. ஜமீலுன்னிசா எல்லாம் சரியாகச் செய்தாள். கரைசல் கலக்கினாள். யாருக்கு எத்தனை முறை போகிறது என்று சுவரில் கரியால் கோடு போட்டாள். இருந்த ஒரே ஆட்டோவில் இரண்டு குழந்தைகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினாள். 'பச்சப் புள்ளைங்க போவட்டும், நான் தாங்குவேன்' என்று அவள் அம்மாதான் சொன்னார். போன ஆட்டோ திரும்பவில்லை. ஒரு மணிக்கு மேல் அவருக்குக் கரைசல் நிற்கவில்லை. எல்லாம் வாந்தி. அடுத்த தெரு டாக்டர் சலைன் ஏற்றத் தயார். சலைன் குழு தந்த மருந்துப் பெட்டியில். பெட்டி எங்கே? பக்கம் பத்தொன்பது. 'சபாவின் பின்கட்டு அறையில். சாவி: கௌரவச் செயலர் திரு. சந்திரமௌலி.'

இரண்டு மணிக்கு அவள் சபா வாசலுக்கு ஓடியிருக்கிறாள். சீசன். உள்ளே கச்சேரி. வாசலில் இருந்தவர் கேட்டார்.

'கையில டிக்கெட் கீதா?'

'சலைன் பொட்டி வேணும். இங்கதான் வெச்சிருக்காங்க.'

'இன்னா பொட்டி? அப்டி ஓரமா நில்லும்மா. பாட்டு முடியட்டும்.'

நாற்பது நிமிஷம் நின்றாள். சந்திரமௌலி மாமா முதல் வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சொல்லியனுப்ப ஆள் இல்லை. பாட்டு முடிந்து அவர் வெளியே வந்து, பதறிப்போய், சாவியோடு பின்னால் ஓடினார். பின்கட்டு அறை பூட்டியே இல்லை. சீசனுக்கு அதைக் கேன்டீன்காரருக்கு விட்டுவிடுவார்களாம். வருஷா வருஷம். பெட்டி எங்கே என்று கேன்டீன்காரருக்குத் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் தேடிய பிறகுதான் பன்னிரண்டு அரிசி மூட்டைக்கு அடியில் கிடைத்தது.

பெட்டி சந்துக்கு வந்தபோது மணி நாலே முக்கால். அமீனா பீ நாலரைக்குப் போய்விட்டார்.

நான் அந்தக் கேன்டீனில் ஏழு வயதிலிருந்து சாப்பிடுகிறேன். டிசம்பரில் அந்த அறை என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் மதிப்பீட்டாளர் என்று ஒருவர் இருப்பது இதற்குத்தான். எழுதினவர் பார்க்காததைப் பார்க்க. நீ ஒரு மாலை இங்கே வந்திருந்தால். 'சாவி யாரிடம், எப்போதும் அவர் இருப்பாரா' என்று ஒரு வரி கேட்டிருந்தால். நான் உன்னிடம் கெஞ்சினேன், ஒரு கேள்வி கேள் என்று.

பக்கம் பத்தொன்பதில் நின்றேன் என்று எழுதினாய். அந்தக் கடிதம் என் முன்னால் இருக்கிறது. எதற்கு நின்றாய்?

மஹதி


சவுக்குக் குப்பம்
31.12.96

மஹதி,

உன் திட்டம். உன் சபா. உன் மாமா முதல் வரிசையில். கொன்றது நான் என்கிறாய்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். டிசம்பர் முதல் வாரம் இங்கேயும் வந்தது. ஒன்பது பேர். நான் தரமணியில். ஏழு மணிக்கு வந்து பார்த்தேன். ஒன்பது பேரும் உயிரோடு. நான்கு பேர் ஆஸ்பத்திரியில், மற்றவர்களுக்கு எங்கள் வீட்டு வாசலில் கயிற்றுக்கட்டில். அம்மா யாரையும் கேட்காமல் பெட்டியைத் திறந்திருந்தாள். 'நீ வர்ற வரிக்கும் இன்னாடா பண்றது, குந்திக்கினு பாத்துக்கினு இருக்கறதா?' உனக்கு எழுதத்தான் நினைத்தேன். உனக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்குமே என்று எழுதவில்லை. அந்த அளவுக்கு உன் மேல் கோபம். இன்னும் இருக்கிறது.

திருநாள் முடியட்டும் என்று வியாதி வாசலில் நிற்குமா என்று கேட்டாய். சீசன் முடியட்டும் என்று மட்டும் நிற்குமா?

இதை எழுதிவிட்டு வெளியே போய் ஒரு மணி நேரம் மணலில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எழுதியதை அடித்து அழிக்கவில்லை. இருக்கட்டும். நான் எப்படிப்பட்டவன் என்று நீயும் தெரிந்துகொள்.

எதற்கு நின்றேன் என்று கேட்காதே.

செபஸ்தி


மயிலாப்பூர்
6.1.97

செபஸ்தி,

கேட்பேன்.

குழு ஒரு தாளை அனுப்பியிருக்கிறது. உனக்கும் வந்திருக்கும். 'சகமதிப்பீட்டில் ஏற்கப்பட்ட திட்டம் முழுமையாகப் பின்பற்றப்பட்டது. நேர்ந்த ஓர் உயிரிழப்பு தவிர்க்க இயலாதது.' கீழே எனக்கு ஒரு கோடு, உனக்கு ஒரு கோடு. கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டு பகுதிகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். பெட்டிகள் திரும்பிப் போகும். இதை மிரட்டல் என்று யாரும் சொல்லவில்லை. நடைமுறை என்றார்கள்.

நான் போடவில்லை.

திட்டம் முழுமையாகப் பின்பற்றப்பட்டது என்பது உண்மை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெண் திட்டத்தை வரி தவறாமல் பின்பற்றினாள். திட்டம் அவளைக் கொண்டுபோய் சபாவின் கேட் முன்னால் நிறுத்தியது.

உன் 'ஏற்கலாம்' இப்போது எனக்குப் போர்வை. எல்லோரும் அதை என் மேல் இழுத்துப் போர்த்துகிறார்கள். 'நீ என்னம்மா பண்ணுவே, அதான் இன்னொருத்தர் பாத்து ஓகே பண்ணியிருக்காரே' என்று சந்திரமௌலி மாமாவே வந்து சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எனக்கு அந்தப் போர்வை வேண்டாம். எடு.

எதற்கு நின்றாய்?

மஹதி


சவுக்குக் குப்பம்
11.1.97

மஹதி,

அந்த அறையை எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்று டிசம்பர், தொண்ணூற்றிரண்டு டிசம்பர். இரண்டு சீசன் அந்தக் கேன்டீனில் எச்சில் தட்டுக் கழுவினேன். பெயர் சேகர் என்று சொல்லியிருந்தேன். மத்தியானம் வகுப்பு முடிந்ததும் உன்னிடம் லைப்ரரி என்று சொல்லிவிட்டு 21 பஸ் பிடித்து வந்துவிடுவேன். பின்கட்டு அறையில்தான் சட்டையை மாற்றுவோம். அரிசி மூட்டை மேல் சட்டை, மூட்டைக்குப் பின்னால் செருப்பு. அறைக்குக் கதவு உண்டு, டிசம்பரில் பூட்டு கிடையாது.

முதல் சீசனில் ஒருநாள் நீ உன் அப்பாவோடு வந்தாய். பச்சைப் புடவை. நான் வாளியோடு மேஜைக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் தட்டை நான்தான் எடுத்தேன். நீ தலையைத் தூக்கவில்லை. அப்பாவிடம் ஏதோ ராகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். மறுநாள் மரத்தடியில் அந்தக் கச்சேரியைப் பற்றி எனக்கு அரை மணி நேரம் சொன்னாய். கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கம் பத்தொன்பதில் 'பின்கட்டு அறை' என்று பார்த்ததும் மூக்கில் பாத்திரம் கழுவும் சோடாப்பு வாடை வந்தது. பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினேன். 'டிசம்பரில் இந்த அறை கிடையாது.' உனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். நீ விடமாட்டாய், தோண்டுவாய். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ரப்பரை எடுத்தேன். அழித்துவிட்டு முதல் கட்டத்தில் குறி போட்டேன். பிறகு அதற்கு நட்பு என்று பெயர் வைத்து உனக்கே சொல்லிக்காட்டினேன். நவம்பரில் நீ ஒரு கேள்வி கேள் என்றபோதும் சொல்லியிருக்கலாம். ஆறு வாரம் இருந்தது. ஒரு போஸ்ட் கார்டு போதும்.

இது என் பங்கு. உன் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய். ஏழு வயதிலிருந்து அங்கே சாப்பிடுகிறாய். சாப்பிட்ட தட்டு எந்தப் பக்கம் போகிறது என்று ஒருநாள் திரும்பிப் பார்த்திருந்தால் அந்த அறை உனக்கும் தெரிந்திருக்கும். என்னையும் பார்த்திருப்பாய். குப்பத்தில் பத்து வீடு ஏறி இறங்கினவள் உன் சபாவின் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. உனக்கு அது வீடு, அதனால்.

புதுப் படிவம் இதோடு. மூன்றாவது கட்டம். ஏற்க இயலாது. காரணம் என்ற இடத்தில் மேலே சொன்னதெல்லாம் இருக்கிறது. தட்டுக் கழுவியதும், சேகர் என்ற பெயரும், ரப்பரும். இன்றைய தேதிதான் போட்டிருக்கிறேன். குழுவுக்கு நீயே அனுப்பு. அவர்கள் தாளை நான் கிழிக்கவில்லை, வெறுமனே திருப்பி அனுப்பினேன்.

பெட்டியை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். 'வரட்டும். மேல குந்திக்கினு கீறேன். என்னியும் சேத்துத் தூக்கட்டும், பாக்கலாம்.'

படிவத்தை முதலில் அந்தப் பெண்ணிடம் காட்டு.

செபஸ்தி


மயிலாப்பூர்
15.1.97

செபஸ்தி,

பக்கம் பத்தொன்பதைக் குழுவிடமிருந்து கேட்டு வாங்கினேன். ஜன்னலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நீ அழுத்தி எழுதுகிறவன். நான்கு சொல்லும் தெரிகிறது.

பச்சைப் புடவை எனக்கு நினைவிருக்கிறது. அன்றைய ராகம் நினைவிருக்கிறது. தட்டை யார் எடுத்தார் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு கைகூட இல்லை. இதை மன்னிப்பாக எழுதவில்லை. என் மேலேயே எனக்கு வரும் கோபத்தை உனக்கும் தெரிவிக்கிறேன். உன் மேல் இருப்பது இதனால் குறையவில்லை.

நேற்று மாலை கிணற்றடிச் சந்துக்குப் போனேன். நோன்பு மாதம், கடை பகலில் மூடியிருக்கிறது. ஜமீலுன்னிசா வாசலில் அடுப்பைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். சுவரில் கரிக்கோடுகள் அப்படியே இருக்கின்றன. அவள் அம்மா பெயருக்கு நேரே இருபத்துமூன்று.

படிவத்தையும் பக்கம் பத்தொன்பதையும் கொடுத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து முழுக்கப் படித்தாள். பிறகு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

'எழுதிட்டு அழிச்சாரா?'

'ஆமாம்.'

'நீங்க அப்பவே அத சாய்ச்சுப் பாக்கல?'

'இல்லை.'

மறுபடி படித்தாள். கட்டங்கள் இருக்கும் இடத்தில் விரலை வைத்தாள்.

'மூணு கட்டந்தானா மேடம்? இதுல எதுல எங்கம்மாவப் போடுவீங்க?'

 அடுப்புப் பக்கம் திரும்பி மெழுக ஆரம்பித்தாள். போகச் சொல்கிறாள் என்று எழுந்தேன். அப்போது சொன்னாள். கத்தவில்லை.

'அந்த ஆள இட்டுனு வாங்க. நீங்களும் வாங்க. அந்த கேட்டாண்ட நான் நின்ன நேரம் ரெண்டு பேரும் நில்லுங்க. ஒண்ணியும் பேச வோணாம். சும்மா நில்லுங்க. அப்பறம் போயி எழுதுங்க, எத எழுதறதா இருந்தாலும்.'

சரி என்றேன். உன்னையும் சேர்த்துத்தான் சரி என்றேன். உன்னைக் கேட்கவில்லை.

மதிப்பீடு முடிந்துவிட்டது. இனி நாம் சந்திக்கலாம் என்கிறது விதி. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டாம். அவளுக்குப் பார்க்க வேண்டும். படிவம் என் மேஜையில் இருக்கிறது. நின்றுவிட்டு வந்துதான் அனுப்புவேன்.

ஞாயிறு, 19ஆம் தேதி. இரண்டு மணி. சபா வாசல். கைக்கடிகாரம் கொண்டுவராதே. அவள் கொண்டுவருகிறாள்.

மஹதி